கடலோவியமும் கடற்படையும்: வான் டெ வெல்டே தந்தை, மகன் பற்றிய ஒரு நோக்கு

கடலை வரைந்த ஓவியர்களின் வரலாற்றிலே ஒரு கதை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றது. கடும்புயல் வீசுகையில் ஓவியன் தன்னைப் பாய்மரத்தோடு பிணைக்குமாறு மாலுமிகளை வேண்டுகிறான். கட்டுண்ட நிலையில், அலைகள் எழுந்து வீழும் கோலத்தை மனத்திற் பதித்துக் கொள்கிறான். பிரான்சிய ஓவியர் குளோட் யோசப் வேர்னே (1714-1789) பற்றி இக்கதை வழங்கியது. அவருடைய பேரனாகிய ஒராஸ் வேர்னே அதனை 1822 இல் ஓவியமாகவே தீட்டினார். இருபது ஆண்டுகளின் பின்னர் ஆங்கில ஓவியர் டேர்னரும், துறைமுக வாயிலிற் பனிப்புயலில் அகப்பட்ட நீராவிக் கப்பலைச் சித்திரித்த தமது 1842 ஆம் ஆண்டு ஓவியத்தின் பொருட்டு நான்கு மணி நேரம் பாய்மரத்திற் கட்டுண்டு நின்றதாகக் கூறினார் என்பர். அவ்வோவியத்தின் நீண்ட தலைப்பு, ‘ஏரியல்’ என்னுங் கப்பல் ஹாவிச் துறையிலிருந்து புறப்பட்ட இரவைக் குறிக்கின்றது. அவ்வாறு ஒரு கப்பல் அத்துறையிலிருந்து சென்றமைக்குச் சான்று தேடிய ஆய்வாளர்க்கு அது கிட்டவில்லை.

இக்கதையின் உண்மை பொய்யை விட, அது விரும்பப்பட்ட காலமே நமது கவனத்துக்குரியது. கலைஞனைச் சமூகத்திலிருந்து தனித்து நின்று இயற்கையோடு மல்லுக்கட்டும் வீரனாகக் காண அவாவிய பத்தொன்பதாம் நூற்றாண்டு, தனக்கு வேண்டிய கதையைத் தானே ஆக்கிக்கொண்டது. கடலை உள்ளது உள்ளவாறு வரைதல் என்னும் முயற்சி உண்மையில் எவ்வாறு தோன்றியது, எவருடைய தேவைக்காக வளர்ந்தது, எவரிடமிருந்து ஊதியம் பெற்றது என்னும் வினாக்களை அக்கதை மறைத்து விடுகின்றது. அவ்வினாக்களுக்கு விடை காண நாம் பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்துக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே நமக்குக் கிடைப்பது படைத்தலைவர் ஒருவரின் ஆணையாகும்.

1666 ஜூன் மாதத்தில், ஆங்கிலக் கடற்படையோடு நான்கு நாட்கள் நீடிக்கவிருந்த பெரும்போருக்குச் சற்று முன்னர், ஒல்லாந்தக் கடற்படைத் தளபதி டி ராய்ட்டர் சிறு கப்பலொன்றின் தலைவனுக்கு ஓர் ஆணை விடுத்தார். வில்லெம் வான் டெ வெல்டே என்பாரை ஏற்றிக்கொண்டு, சித்திரம் வரைவதற்கு அவர் எங்கெங்கு செல்ல விரும்புகின்றாரோ அங்கெல்லாம் அவரைக் கொண்டு செல்லுதல் வேண்டும் என்பது அதன் பொருளாகும். கலியொட் எனப்படும் அச்சிறு கப்பல் ஆழமற்ற நீரிலும் விரைந்து திரும்ப வல்லது. செய்தி கொண்டு செல்லவே கடற்படை அதனைப் பெரிதும் பயன்படுத்திற்று. ஓவியருக்கு அப்போது வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. இரு தரப்பிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு நின்ற நீர்ப்பரப்பிலே அவர் தாளும் பென்சிலுமாக உலாவினார். எவரும் அவரைப் பாய்மரத்திற் கட்டவில்லை. கைகள் இரண்டும் அவருக்குத் தொழிலுக்கு வேண்டியிருந்தன.

வான் டெ வெல்டே 1611 அளவில் லைடன் நகரிலே பிறந்தவர். அவருடைய தந்தை சிறு கப்பலொன்றின் தலைவர். ஆகவே வடமும் பாயும் காற்றும் அவர் பின்னாளிற் பார்த்துக் கற்றவையல்ல, வீட்டோடு வந்த அறிவாகும். அதே பெயர் கொண்ட அவருடைய மகன் 1633 இலே பிறந்தார். தந்தையை மூத்தவர் என்றும் மகனை இளையவர் என்றும் வழங்குதல் மரபு. நாமும் அதனையே கைக்கொள்வோம். மற்றொரு மகனாகிய ஆதிரியான் நிலக்காட்சி ஓவியராகப் பெயர் பெற்றார். குடும்பம் அம்ஸ்ரடாமிலே குடியேறித் தொழில் நடத்தியது. தொழில் என்னுஞ் சொல்லை ஈண்டு வேண்டுமென்றே ஆளுகின்றோம்.

சமய மறுமலர்ச்சியின் பின்னர் ஒல்லாந்தக் குடியரசிலே தேவாலயம் ஓவியத்தின் பெரும் புரவலராக இருக்கும் நிலை அற்றுப்போயிற்று. அரசவையும் சிறிது. வாங்குவோர் வணிகரும் கப்பற் பங்காளிகளும் கடைகாரரும் கைவினைஞருமாக இருந்தனர். போல்டிக் கடற் பகுதியிலிருந்து வந்த தானியம், வட கடலில் பிடிபட்ட ஹெரிங் மீன், 1602 இலே தோன்றிய கீழைத்தேய வணிகக் கும்பனியின் வாசனைத் திரவியம் என்பனவற்றின் மீது எழுந்த செல்வம் அது. கடலால் வாழ்ந்த மக்கள் கடலைச் சுவரிலே மாட்டி வைக்க விரும்பினர் என்று கூறிவிட்டு அமைதல் போதாது. இம்மக்களுக்குக் கடல் தெரியும் என்பதே முக்கியம். யாழ்ப்பாணத்துக் கரையோர மக்கள் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எனக் காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறிவது போல, அம்ஸ்ரடாம் துறையிலே நின்ற சாதாரணன் ஒருவனும் பாய் விரிந்த கோலத்தைக் கொண்டு காற்றின் திசையையும் பலத்தையும் சொல்லிவிடுவான். அவன் முன்னே பிழையான கயிறொன்றை வரைந்து விற்பது எளிதன்று. கடலோவியத்தின் துல்லியம், ஓவியனின் தனிப்பட்ட தவத்திற்கு முன்பாக, வாங்குவோனின் கண்ணிலேயே தொடங்குகின்றது.

வான் டெ வெல்டேக்களுக்கு முன்னரே இத்துறையில் ஒரு மரபு உருவாகியிருந்தது. ஹார்லெம் நகரத்து ஹென்றிக் வுறூம் (இறப்பு 1640) கடலையும் கப்பலையும் தனியொரு பொருளாக்கிய முன்னோடி. 1588 ஆம் ஆண்டு ஸ்பானியப் பெருங்கடற்படை தோல்வியுற்றதைக் காட்டும் சித்திர நெசவுத் திரைகளை ஆங்கிலத் தளபதி ஹோவாட் பிரபுவுக்காக வடிவமைத்தவரும் அவரே. அவை இலண்டனிற் பிரபுக்கள் சபையிலே தொங்கி, 1834 ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தன. வுறூமின் கடல் பச்சை நிறம். அலைகள் ஒழுங்கான கோலம். கப்பல்களோ திருவிழாத் தேர்கள் போல அலங்காரமானவை. அடுத்த தலைமுறையினராகிய யான் பொர்செல்லிஸ் (இறப்பு 1632) கப்பலைச் சிறிதாக்கி, வானையும் காலநிலையையும் பெரிதாக்கினார். பச்சை போய்ச் சாம்பலும் மண்ணிறமும் வந்தன.

இம்மாற்றத்தை அழகியல் முதிர்ச்சி என்று மட்டும் விளக்கும் வழக்கம் உண்டு. பொர்செல்லிஸ் 1615 இல் அன்ற்வேர்ப்பில் இருந்தபோது மிடா செய்யும் தொழிலாளி ஒருவருடன் செய்த ஒப்பந்தம் வேறொன்றையும் கூறுகின்றது: இருபது வாரங்களில் நாற்பது கப்பல் ஓவியங்கள் தீட்டிக் கொடுத்தல் வேண்டும். வாரத்துக்கு இரண்டு! குறைந்த நிறங்களில், விரைந்த தூரிகையிலே தீட்டப்படும் ஓவியம் குறைந்த செலவில் முடியும். குறைந்த விலையில் மேலும் பலரைச் சென்றடையும். பொருளியல் வரலாற்றாசிரியர் மொன்ரியஸ் எண்பதுகளில் இக்கருத்தை விரிவாக முன்வைத்தார். வட கடல் உண்மையிலேயே சாம்பல் நிறமானது என்பதும், சாம்பல் நிறம் மலிவானது என்பதும் இங்கே ஒன்றையொன்று மறுக்கவில்லை. யதார்த்தமும் சிக்கனமும் ஒரே திசையில் இழுத்தன எனலாம்.

மூத்த வான் டெ வெல்டே சென்ற வழி இதனின்றும் வேறானது. அவர் நீண்ட காலம் வண்ணத்தைத் தொடவேயில்லை. பலகையிலோ துணியிலோ வெண்ணிறப் பூச்சிட்டு, அதன் மீது மையும் பேனையும் கொண்டு வரையும் ‘பேனை ஓவியம்’ அவருடைய கலை. செப்புத் தகட்டு அச்சுப்படத்தின் நுணுக்கம் அதிலே இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே படியாக நின்றமையால் விலை உயர்ந்தது. கடற்படைத் தலைவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் இவற்றை விரும்பி வாங்கினர். தாம் நின்ற போரில், தாம் நின்ற கப்பல், தாம் நின்ற இடத்திலே நிற்பதைக் காண விரும்பியவர்கள் அவர்கள். பின்புறத்துச் செதுக்கு வேலையைக் கொண்டே கப்பலின் பெயரைச் சொல்லக்கூடிய வகையிலே அவர் வரைந்தார்.

அத்தகைய ஓவியத்திற்கு ஆதாரம் தேவை. அதற்காகவே அவர் படையோடு சென்றார். 1653 ஓகஸ்டில் ஸ்கெவனிங்கன் கரைக்கு அப்பால் நடந்த போரிலே ஒல்லாந்தரின் புகழ்பெற்ற தளபதி மார்ட்டென் துறொம்ப் மடிந்தபோது வான் டெ வெல்டே கலியொட் ஒன்றில் அருகே இருந்தார். 1657 இல் முடித்த பேனை ஓவியத்திலே, முன்புறத்துச் சிறு கப்பலில் அமர்ந்து வரைந்துகொண்டிருப்பவராகத் தம்மையும் காட்டியுள்ளார். இது தற்பெருமை மட்டுமன்று. ‘கண்டவன் சொல்லுகின்றேன்’ என்னுஞ் சாட்சிக் கையொப்பமும் ஆகும். இன்று அம்ஸ்ரடாம் ரைக்ஸ் நூதனசாலையில் அதனைக் காணலாம். 1658 நவம்பரில் டென்மார்க்கை அடுத்த நீரிணையிலே சுவீடன் நாட்டுக் கடற்படையோடு ஒல்லாந்தர் பொருதபோதும் அவர் அங்கிருந்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், றைக்லொவ் வான் கூன்சின் படை போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியது என்பதை நமது வாசகர் அறிவர். ஒரே குடியரசின் கப்பல்கள் ஒரே ஆண்டில் இரு கடல்களில் இரு வணிகப் பாதைகளைத் திறந்து வைத்தன. முன்னதற்கு மட்டுமே உடன் சென்ற ஓவியர் இருந்தார்.

எனினும் நமது கரையும் அந்தத் துல்லிய வேட்கைக்கு அப்பாற்பட்டு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய மதகுரு பிலிப்பஸ் பால்டேயஸ் மலபார், சோழமண்டலம், இலங்கை ஆகியன பற்றி எழுதிய பெருநூல் 1672 இலே அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. ‘துல்லியமான விவரணம்’ என்பதே அந்நூல் தலைப்பின் முதற்சொற்கள். யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்களும் அதில் உள்ளன. எண்ணி, அளந்து, படம் வரைந்து, பெயர் குறித்து வைத்தல் அன்றைய ஒல்லாந்தரின் பண்பாட்டுப் பழக்கம். ஸ்வெற்லானா அல்பேர்ஸ் 1983 இல் வெளியிட்ட நூலிலே ஒல்லாந்த ஓவியத்தை ‘விவரிக்கும் கலை’யாகக் கண்டார். அவர் கூறியவற்றோடு நாம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள விரும்புகின்றோம்: விவரிக்கப்பட்டவை பெரும்பாலும் கைப்பற்றப்பட்டவையாக, அன்றேல் கைப்பற்றப்படவிருந்தவையாக இருந்தன.

மூத்தவர் வேலை செய்த முறை கவனிக்கத்தக்கது. கடலிலே பென்சிலால் விரைந்து கோடிடுவார். தாள் போதாதபோது மற்றொன்றை ஒட்டி நீட்டுவார். இவ்வாறு நீண்ட தாள்களிலே முழுப் படை வரிசையும் அகப்படும். சாம்பல் நிற மையை நீரிற் கலந்து நிழலிடுவார். ஓரங்களில் ஒல்லாந்த மொழியிலே குறிப்புகள் எழுதுவார். வீடு திரும்பிய பின்னர் இவையே மூலதனம். ஒரு தாளிலுள்ள கப்பலை மற்றொரு தாளிலே ஒற்றியெடுத்துப் பேணி வைக்கும் முறையும் குடும்பத்தின் பட்டறையிலே இருந்தது. அவ்வாறு ஒரு கப்பலின் சாயல் பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு ஓவியத்திலே வந்து நிற்கக்கூடும். போர்க்களச் செய்தியாளன், ஆவணக் காப்பாளன், கைவினைஞன் என்னும் மூவரும் அவரிலே ஒன்றாயினர்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தலாகாது. பேனைக்குக் கப்பல் அகப்பட்டது. கடல் முழுமையாக அகப்படவில்லை. மூத்தவரின் பேனை ஓவியங்களில் அலைகள் சீரான கீற்றுகளாக, திறமையாக, சற்றே சலிப்பூட்டும் வகையில் நிரம்பியிருக்கின்றன. கயிறு கோட்டுக்கு இசைவது. நீர் கோட்டுக்கு இசையாது. நீருக்கு எல்லைக்கோடு கிடையாது. ஒளி அதனுள்ளே புகுந்து வெளிவருவதே அதன் வடிவம்.

இக்குறையை நிரப்பியவர் மகன். இளையவர் வேஸ்ப் என்னும் ஊரிலே சிமோன் டி விலீகர் என்பாரிடம் வண்ணம் பயின்றார். பொர்செல்லிஸ் வழிவந்த சாம்பல் நிறக் கடலின் நுட்பங்கள் அவருக்கு அங்கே கிடைத்தன. தந்தையிடமிருந்து கப்பலின் உடற்கூறு கிடைத்தது. இரண்டும் இணைந்தபோது தோன்றிய ஓவியங்களைச் சற்று நின்று நோக்குதல் தகும். அமைதியான கடலை வரைகையில் தொடுவானம் தாழ்ந்து கிடக்க, ஓவியத்தின் பெரும்பகுதி வானமாகின்றது. பாய்கள் காற்றின்றித் தொய்ந்துள்ளன. கொடி அசையாது கம்பத்தோடு ஒட்டிக் கிடக்கின்றது. மரியாதை வேட்டின் புகை கலையாமல், கப்பலின் பக்கத்திலே பஞ்சு போலத் தேங்கி நிற்கின்றது. நீரிலே கப்பலின் நிழலுருவம் முழுமையாக விழாமல் ஆங்காங்கே முறிந்து நெளிவதால், கண்ணாடி போன்ற நீரும் உண்மையில் அசைந்துகொண்டே இருப்பதை உணர்கின்றோம்.

காற்றெழுந்த கடலை அவர் வரையும்போது வேறொரு நேர்மை தெரிகின்றது. ஒல்லாந்தக் கரை ஆழமற்றது. ஆழமற்ற நீரில், எதிர்நீரோட்டத்தின் மேற் காற்று வீசும்போது எழும் அலை குறுகியது, செங்குத்தானது, மணல் கலங்கிய நிறத்தது. பெருங்கடலின் நீண்ட உருளலை அவர் அங்கே கொண்டுவந்து புகுத்தமாட்டார். கப்பல் சாய்ந்திருக்கும் அளவு, பாய் புடைத்திருக்கும் திசை, கொடி பறக்கும் பக்கம், புகை ஓடும் போக்கு, அலையின் முகடு முறியும் முறை ஆகிய அனைத்தும் ஒரே காற்றுக்குக் கீழ்ப்படிகின்றன. முகில் நிழல் விழுந்து முன்புற நீர் இருண்டிருக்க, நடுவே ஒரு பட்டை ஒளிர்கின்றது. முறியும் முகட்டின் மெல்லிய விளிம்பினூடாக ஒளி பச்சையாகக் கசிகின்றது. சாதாரண ஓவியரின் கடலிலே கொடிக்கு ஒரு காற்றும் பாய்க்கு மற்றொரு காற்றும் வீசுவதை நாம் அடிக்கடி கண்டிருக்கின்றோம். கடலோவியத்தில் யதார்த்தத்தின் உரைகல் யாது என்று கேட்டால், அலையின் நுரையை எண்ணுவதிலும் பார்க்க, இந்த ஒருமைப்பாட்டைத் தேடுவதே சரி என்போம். 1680 அளவில் தீட்டப்பட்டு ரைக்ஸ் நூதனசாலையில் உள்ள இரு ஓவியங்கள், திடீர்க்காற்றில் சாய்ந்த கப்பலும் அமைதிக் கடலிற் பீரங்கி வேட்டும், இவ்விரு நிலைகளுக்கும் தக்க சான்றுகள்.

1672 ஒல்லாந்த வரலாற்றில் ‘பேரழிவின் ஆண்டு’ எனப்படும். பிரான்சு, இங்கிலாந்து, மூன்ஸ்ரர், கொலோன் ஆகிய நான்கும் குடியரசின் மீது படையெடுத்தன. ஓவியச் சந்தை சரிந்தது. ஓவியர் வெர்மேர் 1675 இலே கடனோடு இறந்தமைக்கு இச்சரிவே காரணம் என அவருடைய மனைவி முறையிட்டார். அவ்வாண்டிலே ஆங்கில மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் ஒல்லாந்தரைத் தம் நாட்டிற் குடியேறுமாறு அழைத்தார். ஜூன் மாதத்துச் சோல்பே போரில் ஒல்லாந்தப் படையோடு நின்று ஆங்கிலேயரின் ‘ரோயல் ஜேம்ஸ்’ எரிந்து அழிந்த களத்தை வரைந்த மூத்தவர், அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் தம் மகனோடு இலண்டனிலே இருந்தார். போர் இன்னும் முடியவில்லை. பகைவனின் தலைநகரம் அது.

1674 இல் மன்னர் பிறப்பித்த ஊதிய ஆணை கலை வரலாற்றிலே அரிதான ஓர் ஆவணம். கடற்போர்களை வரைந்தெடுப்பதற்காகத் தந்தைக்கு ஆண்டுக்கு 100 பவுண். அவ்வரைபடங்களுக்கு வண்ணமூட்டுவதற்காக மகனுக்கு ஆண்டுக்கு 100 பவுண். கோடும் வண்ணமும் இரு சம்பளங்களாகப் பிரிந்தன! ஒரு குடும்பத்துள் இயல்பாக அமைந்திருந்த தொழிற்பிரிவினை அரசின் கணக்கேட்டிலே பதவிப் பிரிவாயிற்று. கிறீனிச்சில் உள்ள அரசி மாளிகையிலே அவர்களுக்குப் பணிக்கூடம் ஒதுக்கப்பட்டது. மூத்தவரின் முதற் பெரும் பணிகளுள் ஒன்று, அதே சோல்பே போரைச் சித்திர நெசவுத் திரைகளாக ஆக்குவதற்கு வடிவமைத்துக் கொடுத்தலாகும். ஒல்லாந்தக் கலியொட்டிலிருந்து ஒல்லாந்தருக்காக எடுத்த குறிப்புகள் ஆங்கில மன்னரின் சுவருக்கு உதவின.

இதனைத் துரோகம் என்போமா? எழுந்தமானமாகத் தீர்ப்புக் கூறுவதற்கு முன் அக்காலத்து மாலுமியின் நிலையையும் நினைத்துப் பார்த்தல் நன்று. 1667 இல் ஒல்லாந்தர் மெட்வே ஆற்றிலே புகுந்து ஆங்கிலக் கப்பல்களை எரித்தபோது, அவர்களின் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் குரல்கள் கேட்டன என்பதைக் கடற்படை அலுவலர் சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பிலே பதிந்துள்ளார். ஆங்கில அரசு மாலுமிக்குக் காசு கொடுக்காமற் சீட்டுக் கொடுத்தது. சீட்டைச் சோறாக்க முடியாத மாலுமி காசு கொடுத்த பகைவனிடம் சென்றான். ஓவியரின் பெயர்ச்சியும் இதே பொருளாதாரத்தினுள் நிகழ்ந்தது. மூத்தவர் மீது நாம் குற்றங்காண வேண்டின், அவர் கொடி மாறியமையிலும் பார்க்க, கொடி மாறியபோது அவருடைய கோட்டில் எதுவும் மாற வேண்டியிருக்கவில்லை என்பதே சிந்தனைக்குரியது. அத்துணைத் துல்லியமான கோடு எவருடைய பக்கத்திலும் நிற்கக் கூடியது.

இங்கிலாந்தில் இளையவர் கடலைத் தொடர்ந்து பயின்றமை பற்றி ஒரு செவிவழிச் செய்தி உண்டு. தேம்ஸ் நதிப் படகோட்டி ஒருவன், எல்லாக் காலநிலையிலும் அவரைப் படகில் ஏற்றிச் சென்றதாகவும், அவர் பெரிய நீலத் தாள்களிற் கறுப்பும் வெள்ளையும் கொண்டு வானத்தைக் குறித்ததாகவும் கூறினான் என்று பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் கில்பின் எழுதியுள்ளார். அம்ஸ்ரடாமில் இவர்கள் விட்டுச்சென்ற இடத்தைப் பிடித்த லூடொல்ப் பக்ஹொய்சனும் (1630-1708), புயல் வேளைகளில் ஆற்றுமுகத்துக்குச் சிறு படகிற் சென்று அலை முறிவதைக் கண்டு வந்தார் என்று ஹவுபிராக்கன் சொல்லுகின்றார். பாய்மரக் கதையோடு ஒப்பிடுகையில் இவை எத்துணைச் சாதாரணமானவை! கூலிக்குப் படகு, கையிலே தாள், மாலையிலே வீடு. நமக்கு இவையே நம்பத்தக்கனவாகத் தோன்றுகின்றன.

இனி அவ்வோவியங்களில் இல்லாதவற்றையும் நோக்குதல் வேண்டும். கப்பல்களுக்கு முகம் உண்டு, மாலுமிகளுக்கு இல்லை. மனிதர் ஏராளமாக உள்ளனர். கயிற்றில் ஏறுகின்றனர், படகு வலிக்கின்றனர், எரியுங் கப்பலிலிருந்து குதிக்கின்றனர். ஆயினும் எறும்பின் அளவினராய், பெயரற்றவராய் உள்ளனர். இங்கிலாந்தில் அவர்களுட் பலர் தெருவிலே பிடித்து வரப்பட்டவர்கள் என்பது அங்கே தெரியாது. போரின் காரணமும் தெரியாது. 1665 இல் மூண்ட இரண்டாம் ஆங்கில-ஒல்லாந்தப் போருக்கு முன்னோடியாக அமைந்தது, முந்திய ஆண்டிலே மேற்கு ஆபிரிக்கக் கரையில் ஹோம்ஸ் என்னும் ஆங்கிலத் தளபதி ஒல்லாந்தக் கோட்டைகளைக் கைப்பற்றியதும் டி ராய்ட்டர் சென்று அவற்றை மீட்டதுமாகும். பொன்னும் யானைத் தந்தமும் அடிமைகளும் அக்கோட்டைகளின் வணிகம். நான்கு நாட் போரின் தாள்களில் ஒவ்வொரு கயிறும் தன்னிடத்தில் உள்ளது; கினிக் கரை மட்டும் எங்கும் இல்லை.

ஈழத்துத் தமிழ் விமரிசனத்திலே இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கைலாசபதி முதலியோர் வற்புறுத்தினர். புறத்தோற்றத்தைப் பிசகின்றிப் பதிதல் ஒன்று. அத்தோற்றத்தை ஆக்கும் உறவுகளைக் காட்டுதல் மற்றொன்று. அந்த அளவுகோலை இங்கே பொருத்தினால் வான் டெ வெல்டேக்களை இயற்பண்புவாதிகள் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். நாம் அதற்கு உடன்படத் தயங்குகின்றோம். நாவலுக்கு வகுத்த அளவுகோல் நீருக்கும் காற்றுக்கும் அப்படியே பொருந்துமா என்பது ஒருபுறமிருக்க, எல்லாவற்றையும் ஒரே காற்றுக்குட்படுத்திய இளையவரின் கடல் வெறும் தோற்றப் பதிவன்று. காற்று, நீர், ஒளி, மரம், துணி என்பவற்றிடையேயுள்ள உறவைப் புரிந்துகொண்டதன் பயன் அது. அவர் அறிந்த உறவுகள் இயற்கையோடு நின்றுவிட்டன.

அவரிடமிருந்து கற்றவர்களுள் டேர்னர் தலைசிறந்தவர். வான் டெ வெல்டேயின் ஓவியமொன்றின் அச்சுப்படியே தம்மை ஓவியனாக்கியது என்று அவர் கூறியதாகச் செய்தி உண்டு. 1801 இல், பிரிட்ஜ்வோட்டர் கோமகனிடமிருந்த இளையவரின் ஓவியமொன்றுக்கு இணையாகப் புயற்காற்றில் ஒல்லாந்தப் படகுகளை அவர் தீட்டிக் கொடுத்தார். 1840 இலே அவர் காட்சிக்கு வைத்த ‘அடிமைக் கப்பல்’ அந்தப் பள்ளியிலிருந்து வெகுதூரம் சென்றுவிட்டது. 1781 இல் ‘சொங்’ என்னுங் கப்பலிலிருந்து 130 பேருக்கு மேற்பட்ட ஆபிரிக்கர் கடலிலே வீசப்பட்டு, பின்னர் அவர்களுக்காகக் காப்புறுதிப் பணம் கோரப்பட்ட கொடுமை அதன் பின்னணி. அதிலே இரும்புச் சங்கிலிகள் நீரின் மேலே மிதக்கின்றன. அதைக் கண்டு நகைத்தவர் உண்டு. இளையவரின் வாடிக்கையாளர் எவரும் அத்தகைய பிழையைப் பொறுத்திருக்கமாட்டார். ஆயினும் கினிக் கரையை ஐரோப்பியக் கடலோவியத்தினுள் கொண்டுவந்தது அந்தப் பிழையான கடலே. ஒப்பீட்டை இத்துடன் முடித்துக்கொண்டால் வசதியாக இருக்கும். ஆனால் அதே டேர்னர் 1805 இல் யமேய்க்காவிலே அடிமை உழைப்பில் இயங்கிய கால்நடைப் பண்ணையொன்றின் பங்குத் திட்டத்தில் 100 பவுண் முதலிட்டார் என்பதையும் பதிந்து வைத்தல் வேண்டும்.

மூத்தவர் 1693 இலும் இளையவர் 1707 இலும் இலண்டனில் மறைந்தனர். இருவருடைய உடல்களும் பிக்கடிலியிலுள்ள புனித ஜேம்ஸ் ஆலயத்திலே அடக்கஞ் செய்யப்பட்டன. கிறீனிச் தேசிய கடல்சார் நூதனசாலையில் ஏறத்தாழ 1,400 வரைபடங்கள் உள்ளன. எம். எஸ். றொபின்சன் அவற்றை 1958 இலும் 1974 இலும் வெளியிட்ட இரு தொகுதிகளில் வகைப்படுத்தினார். 2023 இல், அவர்கள் இங்கிலாந்து வந்து 350 ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி, முன்பு பணிக்கூடம் இருந்த அரசி மாளிகையிலேயே அவற்றுட் பல காட்சிக்கு வைக்கப்பட்டன. சோல்பேயின் நெசவுத் திரையொன்றும் அங்கே தொங்கியது. கடற்படை வரலாற்றாசிரியர் இன்றும் ஒரு கப்பலின் பீரங்கி வாயில்களை எண்ணவும் செதுக்கு வேலையை அடையாளங் காணவும் அத்தாள்களையே நாடுகின்றனர். மெல்லிய பென்சிற் கோடுகள் பல இடங்களில் மங்கிவிட்டன. தாள்கள் ஒட்டப்பட்ட விளிம்புகள் தெரிகின்றன. சில கப்பல்கள் முழுமையாக உள்ளன; சில, புகை மறைத்தமையாலோ படகு திரும்பியமையாலோ, பாதியில் நிற்கின்றன.